ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி: ‘ஹெவி’யை வைத்து ஒரு சோதனை

ஆங்கில அகராதியின் தரம் அரிய சொற்களில் தெரியாது. ‘ஹெவி’ மாதிரி தினமும் புழங்கும் பெயரடையில்தான் தெரியும். ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி (10ஆம் பதிப்பு, 2020) இதில் நன்றாகவே தேறுகிறது. எடை மிகுந்தது என்ற பொருள் முதலில், வழக்கத்தைவிட அதிகம் என்பது அடுத்து. உணவு, வானம் என்று குறுந்தலைப்புகள் இருப்பதால் வேண்டிய பொருளுக்கு நேராகப் போய்விடலாம். ‘ஹெவி ஸ்மோக்கர்’ என்றால் குண்டான ஆள் அல்ல, ஓயாமல் சிகரெட் பிடிப்பவர் என்பது எடுத்துக்காட்டிலேயே விளங்கிவிடும். ‘கனமான, பளுவான’ என்று அடுக்கும் இருமொழி அகராதிகள் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

சதுர அடைப்புக்குள் இருக்கும் இலக்கணக் குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். ‘மெயின்’ பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மட்டுமே வரும். ‘அஸ்லீப்’ அங்கே வரவே வராது. அதனால் தூங்கும் குழந்தை ‘ஸ்லீப்பிங் சைல்டு’தான்.

குறை ஒன்று உண்டு, சின்னதல்ல. எப்படிச் சொல்லலாம் என்று காட்டும் அகராதி, எப்படிச் சொல்லக்கூடாது என்று பெரும்பாலும் எச்சரிப்பதில்லை. தமிழில் மழையும் ‘பலத்த’, காற்றும் ‘பலத்த’. ஆங்கிலத்தில் மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங். ‘ஸ்ட்ராங் ரெயின்’ காதுக்கு ஒட்டாது. டீக்கடையில் நாம் கேட்கும் ‘லைட் டீ’ அங்கே ‘வீக் டீ’.

இதற்கு வழி, பெயரடையை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லைத் தேடுவது. அகராதியின் இணையதளத்தில் ‘ரெயின்’ பெயர்ச்சொல் பக்கத்துக்குப் போய், ஆக்ஸ்ஃபோர்டு கொலொகேஷன்ஸ் டிக்‌ஷனரி என்ற பெட்டியைத் திறந்தால் ஹெவி, டொரென்ஷியல், லைட் என்று மழையோடு சேரும் பெயரடைகள் வரிசையாக நிற்கும். பெயரடைப் பக்கங்களில் அதே பெட்டி வினைச்சொற்களையும் வினையடைகளையும்தான் தரும், பெயர்ச்சொற்களைத் தராது. இது தெரியாமல் ‘ஹெவி’ பக்கத்திலேயே துழாவிவிட்டு, பயனில்லை என்று மூடிவிடுகிறவர்கள் உண்டு.

இணையதளம் இலவசம். பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். பெரும்பாலோருக்கு இதுவே போதும். செல்போன் அனுமதிக்காத வகுப்பறைக்கு மட்டும் அச்சுப்பிரதி வாங்கலாம். விளக்கங்கள் எளிய ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, ஆனாலும் முழுக்க ஆங்கிலம். ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியாத மாணவருக்கு இப்போதைக்கு இருமொழி அகராதியே கொடுங்கள்.