மோனோவில் பீட்டில்ஸ்: அந்த 14 தட்டுப் பெட்டியைக் கேட்ட பிறகு விவாதிக்கலாம்

பிரிட்டனின் தலைசிறந்த ராக் குழு எது என்ற வாக்குவாதம் எங்கே தொடங்கினாலும் சீக்கிரமே ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்ளும். லெட் செப்பலின் ரசிகர் சொல்வார்: "பீட்டில்ஸ் பாட்டெல்லாம் அருமைதான். ஆனால் ராக் என்றால் நெஞ்சில் வந்து இடிக்க வேண்டாமா?" கேள்வி நியாயமானது. ஆனால் அவர் கேட்டிருப்பது பெரும்பாலும் ஸ்டீரியோ பதிப்பு, ஒலியை இடது, வலது ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தருவது. ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும் இடது ஸ்பீக்கரில் ஒதுங்கி நிற்கும் 'டாக்ஸ்மேன்' யார் நெஞ்சிலும் இடிக்காது. அதே பாட்டை, எல்லா ஒலியும் ஒன்றாகவே வரும் மோனோவில் போட்டால் ட்ரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் நான்கும் ஒரே முஷ்டியாக வந்து விழும். 2014 செப்டம்பரில் வெளிவந்த 'தி பீட்டில்ஸ் இன் மோனோ' என்ற வினைல் இசைத்தட்டுப் பெட்டியின் முழு மதிப்பும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. இதைக் கேட்காமல் பீட்டில்ஸை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவது அவசரத் தீர்ப்பு.

ஸ்டீரியோ ஏன் இப்படி மெலிந்து ஒலிக்கிறது என்பதற்கு ஒலிப்பதிவு முறையே காரணம். 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் முதல் ஆல்பத்துக்காகப் பத்துப் பாட்டைப் பதிவு செய்தபோது லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு ட்ராக் டேப். ஒன்றில் வாத்தியங்கள், மற்றொன்றில் குரல்கள். பின்னால் மோனோவாகக் கலக்கும்போது இரண்டின் அளவையும் சரிசெய்துகொள்ள வசதியாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. அந்த இரண்டு ட்ராக்கையும் ஆளுக்கொரு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டால் அதுதான் ஸ்டீரியோ. 1963 அக்டோபரில் நான்கு ட்ராக் வந்தது. ஆனால் ஒரே ட்ராக்கில் மூன்று வாத்தியங்களை அடைத்துவிட்டால் பிறகு அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைக்க வழியில்லை. எட்டு ட்ராக்கைத் தொட்டதே 1968-இல்தான்.

அதுவரை பிரிட்டிஷ் இளைஞர்களின் வீட்டில் இருந்ததும், வானொலியில் ஒலித்ததும் மோனோதான். அதனால் குழுவினரும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் உட்கார்ந்து மெருகேற்றியது மோனோ மிக்ஸை, அதாவது ட்ராக்குகளைக் கலந்து எடுக்கும் இறுதி வடிவத்தை. 'சார்ஜென்ட் பெப்பர்' மோனோவுக்கு வாரக்கணக்கில் உழைத்தார்கள். ஸ்டீரியோ சில நாள்களில், குழுவினர் பக்கத்தில் இல்லாமலே முடிந்தது.

பெட்டியில் 11 தலைப்புகள், 14 தட்டுகள், ஒவ்வொன்றும் 180 கிராம். 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' தொடங்கி 'வெள்ளை ஆல்பம்' வரை பத்து ஆல்பங்கள். கூடவே ஆல்பங்களில் சேராத சிங்கிள் பாட்டுகளைத் தொகுத்த 'மோனோ மாஸ்டர்ஸ்' மூன்று தட்டு. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றும் உண்டு. 2012-இல் வந்த ஸ்டீரியோ வினைல்கள் டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டப்பட்டவை. இந்த மோனோ தட்டுகளுக்குப் பொறியாளர்கள் ஷான் மகீயும் ஸ்டீவ் பெர்கோவிட்ஸும் அசல் மாஸ்டர் டேப்பை ஓடவிட்டு, இடையில் டிஜிட்டல் எதுவும் இல்லாமல், தட்டில் பள்ளம் வெட்டும் எந்திரத்துக்கு நேரடியாக அனுப்பினார்கள். 1960-களில் பாட்டுக்குப் பாட்டு எந்த அளவுக்குத் திருத்தம் செய்தார்கள் என்ற பழைய குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சிரத்தை காதுக்குத் தெரிகிறது: சிம்பலின் வால் கரகரக்காமல் மெல்லத் தேய்கிறது, பேஸ் உருண்டு வருகிறது.

முதல் நான்கு ஆல்பங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மோனோ அங்கே கேள்விக்கே இடமில்லாமல் வெல்கிறது. 'ரப்பர் சோல்' ஸ்டீரியோவில் குரல்கள் வலப்புறம், வாத்தியங்கள் இடப்புறம் என்று பிரிந்து நிற்கின்றன. ஹெட்போனில் கேட்டால் தலைவலி. 2009-இல் வெளிவந்த ஸ்டீரியோ சிடியில் 'ஹெல்ப்', 'ரப்பர் சோல்' இரண்டுக்கும் 1980-களில் மார்ட்டின் மறுபடி செய்த மிக்ஸைத்தான் போட்டிருக்கிறார்கள் என்பதையும் வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டியின் உயிர் 1966. செப்பலின் ரசிகரை உட்காரவைத்துப் போட்டுக்காட்ட வேண்டியது 'ரிவால்வர்' தட்டும், 'மோனோ மாஸ்டர்ஸ்' தொகுப்பில் உள்ள 'பேப்பர்பேக் ரைட்டர்', 'ரெயின்' இரண்டும். 'பேப்பர்பேக் ரைட்டர்' பதிவில் பால் மெக்கார்ட்னியின் பேஸைப் பிடிக்க ஒரு ஒலிபெருக்கியையே மைக்காகத் திருப்பி வைத்தார்கள். பேஸை அவ்வளவு சத்தமாக வெட்டினால் ஊசி குதித்துவிடும் என்று அதுவரை இருந்த பயத்தை உடைத்த தட்டு அது. 'ரெயின்' வாத்தியப் பகுதியை வேகமாக வாசித்துப் பதிவு செய்து, டேப்பை மெதுவாக ஓட்டினார்கள்; ரிங்கோவின் ட்ரம்ஸுக்குக் கனம் அங்கிருந்து வருகிறது. 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டுக்கு பொறியாளர் ஜெஃப் எமெரிக் பாஸ் ட்ரம்முக்குள் கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கை நெருக்கி வைத்து, உச்ச ஒலியைக் கட்டுப்படுத்தும் ஃபேர்சைல்ட் லிமிட்டர் வழியாக அழுத்தினார். இன்று எல்லா ராக் பதிவிலும் கேட்கும் நெருக்கமான ட்ரம் ஒலிக்கு இது ஒரு தாய்வீடு. மோனோவில் அந்த ட்ரம்ஸ் நடுவில் நின்று விடாமல் அடிக்கிறது.

'சார்ஜென்ட் பெப்பர்' தட்டில் வித்தியாசங்களைத் தேடவே வேண்டாம். 'ஷீஸ் லீவிங் ஹோம்' மோனோவில் வேகமும் சுருதியும் சற்று ஏறியிருக்கும். ஸ்டீரியோவில் அழுதுவடியும் பாட்டு இங்கே பதற்றத்தோடு ஓடுகிறது. தலைப்புப் பாட்டு கடைசியில் திரும்ப வரும்போது பால் மெக்கார்ட்னியின் கூச்சல் தெளிவாகக் கேட்கும். 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' தட்டில் உள்ள 'ஐ ஆம் த வால்ரஸ்' இன்னும் சுவாரசியம்: மிக்ஸ் செய்துகொண்டிருந்தபோதே பிபிசி வானொலியில் ஓடிய 'கிங் லியர்' நாடகத்தை நேரடியாக மோனோ டேப்புக்குள் விட்டார்கள். அது தனி ட்ராக்கில் இல்லை. ஆகவே பழைய ஸ்டீரியோ பதிப்பில் அந்த இடத்திலிருந்து கேட்பது மோனோவை இரண்டாகப் பிரித்துக் காட்டும் போலி ஸ்டீரியோதான்.

எல்லா இடத்திலும் மோனோ ஜெயிக்கிறது என்று சொன்னால் பொய். 'ஹெல்டர் ஸ்கெல்டர்' மோனோ சுமார் 3 நிமிடம் 40 விநாடியில் முடிந்துவிடுகிறது. விரல் கொப்புளம் பற்றி ரிங்கோ கத்தும் அந்த முடிவு நாலரை நிமிட ஸ்டீரியோவில் மட்டுமே. பீட்டில்ஸின் மிகக் கனமான பாட்டுக்கு ஸ்டீரியோவையே எடுக்க வேண்டும். 'எ டே இன் த லைஃப்' பாட்டில் லெனனின் குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெல்ல நகரும் அழகும் மோனோவில் கிடையாது. பெரிய குறை வேறு: 'அபே ரோடு', 'லெட் இட் பீ' இரண்டும் ஸ்டீரியோவுக்காகவே செய்தவை என்பதால் பெட்டியில் இல்லை. 'அபே ரோடு' இல்லாமல் பீட்டில்ஸுக்காக வாதாடப் போவது முக்கிய சாட்சியை வீட்டில் விட்டுவிட்டு நீதிமன்றம் போவது போல. 2019-இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த புதிய மிக்ஸையோ 2012 வினைலையோ தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எதிர்த்தரப்புக்கு எந்தப் பதிப்பு? செப்பலினுக்கு அதன் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் மேற்பார்வையில் ஜான் டேவிஸ் மாஸ்டர் செய்த 2014, 2015 வெளியீடுகள் போதும். ஒலி சுத்தம், விலையும் கட்டுப்படி. நான்காம் ஆல்பத்தின் 'வென் த லெவி பிரேக்ஸ்' பாட்டில் ஜான் பொன்ஹாமின் ட்ரம்ஸை ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச் மாளிகையின் கூடத்தில் வைத்து, மாடிப்படியின் மேலிருந்து இரண்டு பெயர்டைனமிக் எம் 160 மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார் பொறியாளர் ஆண்டி ஜான்ஸ். மாளிகைச் சுவரின் எதிரொலியே அங்கே ஒரு வாத்தியம். பீட்டில்ஸ் பெட்டியில் உள்ள எந்தத் தட்டிலும் அதற்கு ஈடான ட்ரம் ஒலி கிடையாது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். செப்பலினின் இரண்டாம் ஆல்பத்துக்கு 1969-இல் ராபர்ட் லட்விக் வெட்டிய அமெரிக்கத் தட்டைத் தேடி அலைபவர்கள் உண்டு. மலிவான பிளேயர்களில் ஊசி குதிக்கிறது என்று கைவிடப்பட்ட வெட்டு அது. உள்வட்டத்தில் லேபிளுக்குப் பக்கத்தில் ஆர்எல் என்ற கையெழுத்துப் பொறிப்பு இருக்க வேண்டும். அது இல்லாமல் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

மேடை என்று வந்தால் தி ஹூ குழுவை வெல்ல யாருமில்லை. 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பதிவான 'லைவ் அட் லீட்ஸ்' முதலில் ஆறே பாட்டோடு வந்தது. கரகர சத்தம் பதிவிலேயே உள்ளது, திருத்தாதீர்கள் என்று லேபிளிலேயே எழுதியிருந்தார்கள். 1995 சிடியில் அந்தச் சத்தத்தை நீக்கி, பாட்டுகளை 14 ஆக்கினார்கள். கேட்க அதுவே வசதி. 1966 ஆகஸ்டிலேயே கச்சேரிப் பயணத்தை நிறுத்திவிட்ட பீட்டில்ஸுக்கு இந்தப் பக்கத்தில் பதில் இல்லை.

ரோலிங் ஸ்டோன்ஸ் என்றால் 'பெகர்ஸ் பாங்க்வெட்' ஆல்பத்தை 2002-க்கு முந்தைய சிடியில் வாங்காதீர்கள். பல ஆண்டுகளாக வேகம் குறைந்தே வெளிவந்துகொண்டிருந்த தட்டு அது, 2002 வெளியீட்டில்தான் சரிசெய்தார்கள். பிங்க் ஃபிளாய்டும் குயீனும் ஸ்டீரியோ முழுமை பெற்ற காலத்தவர்கள். அவர்களை எந்த நல்ல பதிப்பில் கேட்டாலும் பெரிய அநியாயம் நேராது.

ஒப்பிட்டுக் கேட்கும்போது நடக்கும் முதல் தவறு ஒலி அளவு. சற்றே சத்தமாக ஒலிப்பதைக் காது சிறந்தது என்று நம்பிவிடும். 2009 ஸ்டீரியோ சிடிகளில் லிமிட்டர் போட்டு அளவை உயர்த்தியிருக்கிறார்கள், மோனோ சிடிகளில் அப்படிச் செய்யவில்லை. அடுத்தடுத்துப் போட்டால் மோனோ சோகையாகத் தெரியும். கைபேசியில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றை வைத்து, உட்காரும் இடத்தில் இரண்டும் ஒரே அளவில் வரும்படி குமிழைத் திருகிவிட்டு ஆரம்பியுங்கள்.

ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். மோனோ தட்டில் இசை முழுவதும் பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் சத்தம் வெறும் தூசியும் கீறலும். பொத்தான் அதை நீக்கிவிடும், தட்டு புதிதானது போல் அமைதியாகும். பொத்தான் இல்லாவிட்டாலும் சாதாரண ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கும் சிறு பகுதி) இந்தத் தட்டுகளைத் தாராளமாக ஓட்டலாம். ஆனால் மேல்கீழாக நெகிழாத பழைய காலத்து மோனோ கார்ட்ரிட்ஜை உங்கள் ஸ்டீரியோ தட்டுகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பள்ளத்தை உழுதுவிடும். கார்ட்ரிட்ஜ் கோணத்தையும் அளவுத் தாளில் வைத்துச் சரிபாருங்கள். 'எ டே இன் த லைஃப்' தட்டின் உள்வட்டத்தில் முடிகிறது. கோணம் பிசகியிருந்தால் ஆர்கெஸ்ட்ரா ஏறும் இடத்தில் ஒலி கிழியும், பழி தட்டின் மேல் விழும். ஸ்பீக்கர் இரண்டுக்குப் பதில் ஒன்றை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். ட்ரம்ஸ் இன்னும் இறுகும்.

முழுப் பெட்டி இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. பழைய தட்டுச் சந்தையில் விலை ஏறிக்கொண்டே போகிறது. வாங்குவதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் டர்ன்டேபிளில் சுழலவிட்டு, ஊசிக்கை இடவலமாக ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் துளை மையத்தில் இல்லை. நீண்ட பியானோ ஒலி அலைபாயும், அதைச் சரிசெய்ய முடியாது. 'பெப்பர்' உறைக்குள் வெட்டியெடுக்கும் அட்டையும், 'வெள்ளை ஆல்பம்' உறைக்குள் சுவரொட்டியும் நான்கு படங்களும் இருக்கின்றனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள். 2009 மோனோ சிடி பெட்டியில் போலிகள் ஏராளம். விலை சந்தேகப்படும்படி குறைந்திருந்தால் விலகிவிடுங்கள். இவ்வளவு செலவு முடியாதவர்களுக்கு 2022-இல் வந்த 'ரிவால்வர்' சிறப்புப் பெட்டி உண்டு. அதில் புதிய ஸ்டீரியோ மிக்ஸோடு அசல் மோனோவும் சேர்ந்தே இருக்கிறது. செப்பலின் நண்பரோடு உட்காரும் மாலைக்கு அந்த ஒரு தட்டும் 'லெவி பிரேக்ஸ்' பாட்டும் போதும்.