படம் எப்போது சுருங்குகிறது? நான்கு இணையக் கடை மென்பொருள்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

இணையக் கடைக்கு மென்பொருள் தேடுபவர்கள் பெரும்பாலும் மாதக் கட்டணத்தையும் முகப்பின் அழகையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். ஆயிரம் பொருள்களுக்குத் தலா நான்கு படங்கள் என்று நாலாயிரம் படங்களை ஒரே மூச்சில் ஏற்ற வேண்டிய நாள் வரும்போதுதான், மென்பொருள்களுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு கண்ணில் படுகிறது. வூகாமர்ஸ், பிரெஸ்டாஷாப், ஓப்பன்கார்ட், ஷாப்பிஃபை ஆகிய நான்கையும் இந்த ஒரு வேலையை மட்டும் வைத்து இங்கே எடைபோடுகிறேன். நான்கும் படத்தைச் சுருக்குகின்றன. எந்த நேரத்தில், யாருடைய கணினியில் சுருக்குகின்றன என்பதில்தான் பிரிகின்றன.

வூகாமர்ஸில் 2017இல் வந்த 3.1 பதிப்பிலிருந்தே சிஎஸ்வி கோப்பின் (பொருள் விவரங்களை வரிசை வரிசையாக அடுக்கிய எளிய அட்டவணைக் கோப்பு) வழியாகப் பொருள்களை ஏற்றும் வசதி உள்ளமைந்திருக்கிறது. படங்களுக்கு என்று ஒரே நெடுவரிசை. அதில் இணைய முகவரிகளைக் காற்புள்ளியிட்டு அடுக்கினால் முதலாவது முதன்மைப் படமாகவும் மற்றவை தொகுப்புப் படங்களாகவும் அமைகின்றன. ஊடக நூலகத்தில் முன்பே ஏற்றிவைத்த படமென்றால் கோப்பின் பெயரே போதும். ஒருமுறை இறக்கிய முகவரியை நினைவில் வைத்திருப்பதால், விலையைத் திருத்த அதே கோப்பை மறுபடி ஏற்றினாலும் படங்கள் இரட்டிப்பதில்லை. இது சிறிய வசதியாகத் தோன்றலாம். பாதியில் நின்றுபோன இறக்குமதியை மீண்டும் தொடங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த வசதிக்கான விலையை வேறிடத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. படம் ஏறிய அந்த நொடியிலேயே கடைப் பக்கங்களுக்குத் தேவையான எல்லா அளவுகளிலும் பிரதிகள் உருவாக்கப்படுகின்றன. 6000×4000 பிக்சல் கொண்ட ஒரு கேமரா படத்தை அப்படியே ஏற்றினால், வூகாமர்ஸ் இயங்கும் தளமான வேர்ட்பிரஸின் இயல்பான ஆறு அளவுகள், வூகாமர்ஸின் மூன்று அளவுகள், 2560 பிக்சலுக்குச் சுருக்கிய ஒரு பிரதி, மூலப் படம் என மொத்தம் 11 கோப்புகள் சர்வரில் சேர்கின்றன. நாலாயிரம் படங்களுக்கு அது 44,000 கோப்புகள். பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் சர்வர்களில் இடம் தீர்வதற்கு முன்பே கோப்புகளின் எண்ணிக்கைக்கான வரம்பு தீர்ந்துவிடக்கூடும். நினைவகக் கணக்கும் இப்படித்தான்: ஜேபெக் கோப்பு 8 எம்பி என்றாலும், விரித்துப் படிக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஏறத்தாழ 96 எம்பி தேவைப்படுகிறது. வூகாமர்ஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஹெச்பிக்கு 128 எம்பி மட்டும் ஒதுக்கியிருக்கும் சர்வர் அங்கே திணறுவதில் வியப்பில்லை.

பிரெஸ்டாஷாப்பும் ஏற்றும்போதே சுருக்கும் வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அதன் இறக்குமதித் திரையில், சிறுபடங்களை இப்போது உருவாக்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு தெரிவு இருக்கிறது. பொருள்களையும் மூலப் படங்களையும் முதலில் விரைவாக ஏற்றிவிட்டு, அளவுகளை இரவில் உருவாக்கிக்கொள்ளலாம் என்பதால் இந்தப் பிரிவினை மிகவும் புத்திசாலித்தனமானது. கெட்ட நேரமும் அங்கேதான் காத்திருக்கிறது: 1.7 பதிப்பின் மறு உருவாக்கப் பொத்தான் எல்லா வேலையையும் ஒரே கோரிக்கையில் முடிக்கப் பார்ப்பதால், சர்வரின் நேர வரம்பு குறுக்கிட்டு, சில படங்கள் மட்டுமே முடிந்தன என்ற செய்தியோடு நின்றுவிடும். வூகாமர்ஸ் 3.3 பதிப்பு முதல், அளவை மாற்றினால் பழைய படங்களைப் பின்னணியில் சிறிது சிறிதாகத் திருத்துகிறது. இந்த ஒப்பீட்டில் வூகாமர்ஸுக்கே என் வாக்கு.

ஓப்பன்கார்ட்டின் போக்கு வேறு. சிஎஸ்வி வழியாகப் பொருள்களை ஏற்றும் வசதி அதில் இயல்பாக இல்லை. அந்த வசதியைச் சேர்க்கும் தனி நீட்சியை நிறுவ வேண்டும். படங்களை எஃப்டிபி (கோப்புகளை நேராகச் சர்வருக்கு அனுப்பும் முறை) மூலம் உரிய கோப்புறையில் கொட்டிவிட்டு, தரவில் அவற்றின் பாதையை மட்டும் குறிப்பது வழக்கம். ஏற்றும்போது எதுவும் சுருங்குவதில்லை என்பதால் நாலாயிரம் படங்களும் எந்தச் சலனமும் இல்லாமல் உள்ளே வந்துவிடுகின்றன. ஒரு பக்கத்தை யாராவது முதன்முதலாகத் திறக்கும்போதுதான் அதிலுள்ள படங்கள் சுருக்கப்பட்டு, தற்காலிகக் கோப்புறையில் சேமிக்கப்படுகின்றன. அதாவது, இறக்குமதி செய்தவர் பட்டிருக்க வேண்டிய காத்திருப்பை முதல் வாடிக்கையாளர் படுகிறார். ஒரு பெரிய படம் நினைவகத்தைத் தின்றுவிட்டால் அந்தப் பிழையும் கடையின் வாசலிலேயே தெரியும். ஏற்றியபின் எல்லா வகைப் பக்கங்களையும் நாமே ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

வெட்டும் முறையிலும் கவனம் தேவை. வூகாமர்ஸ் பட்டியல் படங்களை இயல்பாகச் சதுரமாக வெட்டுகிறது. நெடிய படத்தில் நிற்கும் புடவையின் கரை காணாமல் போகும். வெட்டாமல் விடும் தெரிவு தோற்ற அமைப்புகளில் உண்டு. ஓப்பன்கார்ட் வெட்டுவதில்லை, ஓரங்களை வெள்ளையால் நிரப்புகிறது. துணிக்கடைக்கு இரண்டாவதே பொருத்தம்.

ஷாப்பிஃபையில் சர்வர் நம்முடையதல்ல என்பதால் நினைவகக் கவலையே இல்லை. மூலப் படம் ஒன்றே சேமிக்கப்படுகிறது; முகவரியின் இறுதியில் அகலத்தைக் குறித்தால் அந்த அளவில் உடனே வந்து சேர்கிறது, உலாவி ஏற்குமானால் வெப்பீ என்ற சிக்கனமான பட வடிவத்திலும் வருகிறது. சுருக்கும் வேலையில் மற்ற மூன்றும் இதற்கு ஈடில்லை. ஏற்றும் வேலையில் இதுதான் கறாரானது. கணினியிலுள்ள படத்தை சிஎஸ்வி மூலம் அனுப்ப முடியாது. யாரும் திறக்கக்கூடிய நேரடி முகவரி வேண்டும். கூகுள் டிரைவின் பகிர்வு இணைப்பைக் கொடுத்தால் அது படத்தை அல்ல, படம் இருக்கும் பக்கத்தையே காட்டும் என்பதால் பயன்படாது. ஒரு பொருளின் ஒவ்வொரு கூடுதல் படத்துக்கும் தனி வரிசை எழுத வேண்டும். சிஎஸ்வி கோப்பு 15 எம்பியைத் தாண்டக் கூடாது, ஒரு படம் 20 எம்பியைத் தாண்டக் கூடாது. வெளியேறும்போது ஏற்றுமதிக் கோப்பில் கிடைப்பது படங்களின் முகவரிகள் மட்டுமே. புதிய கடையில் அவற்றை இறக்கி முடிக்கும்வரை பழைய கடையை மூடக் கூடாது.

எந்த மென்பொருளை எடுத்தாலும், ஏற்றுவதற்கு முன்பே சொந்தக் கணினியில் சுருக்கிவிடுவதையே நான் விரும்புகிறேன். இமேஜ்மேஜிக், இர்ஃபான்வியூ போன்ற கருவிகள் ஒரு கோப்புறை முழுவதையும் சில நிமிடங்களில் முடித்துத் தரும். நீண்ட பக்கத்தை 2000 பிக்சலாக்கினால் மேலே சொன்ன 96 எம்பி 11 எம்பிக்குள் அடங்கும். வூகாமர்ஸின் 11 கோப்புகளும் 9 ஆகும். அச்சகத்துக்கென்று தயாரித்த சிஎம்ஒய்கே (அச்சு மைகளுக்கான நிறமுறை) படங்களை எஸ்ஆர்ஜிபிக்கு (திரைக்கான நிறமுறை) மாற்றுவதும், கோப்புப் பெயர்களில் இடைவெளியை நீக்குவதும் அதே சுற்றில் முடிந்துவிடும். இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கட்டளை மூலக் கோப்பின் மீதே எழுதிவிடும் என்பதால், அதை ஓட்டுவதற்கு முன் கோப்புறையைப் பிரதியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.