ஃபிரிட்ஜும் கேபினெட்டும் ஒரே நிறத்தில் வேண்டுமா?

சமையலறையை மாற்றிச் செய்யும்போது ஆசாரியோ மாடுலர் கிச்சன் கடைக்காரரோ கட்டாயம் கேட்கும் கேள்வி: ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், டிஷ்வாஷர் எல்லாவற்றையும் ஷட்டருக்குள், அதாவது கேபினெட் கதவுக்குள், மறைத்து கேபினெட்டோடு கேபினெட்டாக ஆக்கிவிடலாமா, இல்லை, தனியாகத் தெரியும்படி விடலாமா? போன வருடம் எங்கள் சென்னை ஃபிளாட்டில் வேலை நடந்தபோது நாங்கள் தனியாகவே விட்டோம். கீழ் கேபினெட்டுகளுக்கு அடர் பச்சை மேட் லேமினேட் (பலகைமேல் ஒட்டும் நிறத் தகடு), மேலே வெளிர் நிறம். ஃபிரிட்ஜ் ஸ்டீல் சாம்பல், சிம்னி கறுப்பு. எதுவும் எதோடும் பொருந்தவில்லை, ஆனால் எதுவும் உறுத்தவும் இல்லை. அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது தெரிந்த விஷயம்தான்.

அழகைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எல்லாம் மறைந்து ஒரே சுவராகத் தெரியும் சமையலறை, வேலை முடிந்த நாளில் மிக அழகாகத்தான் இருக்கும். விலையும் தெரிந்ததே: ஷட்டர் பொருத்தும்படி வரும் பில்ட்-இன் ஃபிரிட்ஜ், அதே லிட்டர் உள்ள சாதாரண ஃபிரிட்ஜைவிட ரொம்ப அதிகம். கடையில் நேரில் பார்த்து வாங்க மாடல்களும் குறைவு. கைரேகை என்று பார்த்தால் ஸ்டீலுக்கும் உண்டு, பளபளப்பான ஷட்டருக்கும் உண்டு.

முடிவு எடுக்க வைத்தது இவை எதுவும் இல்லை. ஒரு சாதனம் பழுதாகி, அந்த இடத்தில் புதிது வைக்க வேண்டிய நாள் வரும் பாருங்கள், அதுதான்.

ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் நல்ல பிளைவுட்டில் செய்து, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் கேபினெட் 15, 20 வருடம் தாராளமாக நிற்கும். ஃபிரிட்ஜுக்கு 10 வருடம் என்பதே நல்ல ஆயுள். மைக்ரோவேவ் அதற்கும் முன்னாலேயே போய்விடுகிறது. ஆக, ஒரு கேபினெட்டின் வாழ்நாளில் ஃபிரிட்ஜை ஒரு தடவையாவது மாற்றியே ஆக வேண்டும். இரண்டையும் ஒட்டிச் செய்துவிட்டால், சீக்கிரம் போகிற பொருள் நீண்ட நாள் நிற்கிற பொருளையும் சேர்த்து இழுத்துவிடும்.

என் அக்கா வீட்டில் அதைக் கண்ணால் பார்த்தேன். முழுக்க வெள்ளையில் அழகாகச் செய்த சமையலறை. அன்றைக்கு இருந்த ஃபிரிட்ஜுக்கு அளவெடுத்தாற்போல் ஒரு கூடு, இரண்டு பக்கமும் தரையிலிருந்து பரண் வரை பலகை. குடும்பம் பெரிதானதும் பெரிய ஃபிரிட்ஜ் தேவைப்பட்டது. பழையது 60 செ.மீ. அகலம், புதியது 70 செ.மீ.க்குப் பக்கம். ஆசாரி ஒரு பக்கப் பலகையைக் கழற்றி, அடுத்திருந்த அலமாரியின் அகலத்தைக் குறைத்து இடம் பண்ணிக் கொடுத்தார். வேலை சுத்தம். ஆனால் அந்தப் பழைய வெள்ளை லேமினேட் கிடைக்கவில்லை. கம்பெனிகள் கேட்லாக்கை மாற்றிக்கொண்டே இருக்கின்றன; ஒரு நிறத்தின் கேட்லாக் எண் நின்றுபோனால் நின்றுபோனதுதான். இருப்பதில் கிட்டத்தட்ட அதே வெள்ளையைப் பார்த்து ஒட்டினார்கள். தாளிப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டுப் பழைய ஷட்டர்கள் லேசாக மஞ்சளித்திருந்தன. புதிய பலகை நீலம் கலந்த வெள்ளையாகப் பக்கத்தில் நிற்கிறது. டியூப்லைட் போட்டால் வாசலிலிருந்தே தெரியும். நிறம் வேறாக இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று செய்த இடத்தில்தான் அரை ஷேடு வித்தியாசம்கூடக் கண்ணில் குத்துகிறது.

மைக்ரோவேவுக்கும் இதே கதைதான். கூட்டுக்குள் பொருத்தும் மாடல்களின் உயரமும் ஓரச் சட்டமும் பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். அடுப்பு மேடையில் பதிக்கும் ஹாப் இன்னும் சிக்கல்: கிரானைட்டில் வெட்டிய ஓட்டை பழைய மாடலின் அளவுக்கு. புதியது பெரிதாக இருந்தால் கல்லை மறுபடி அறுக்கலாம், தூசி பறக்கும். சிறிதாக இருந்தால் என்ன செய்வது? அதனால்தான் எங்கள் வீட்டில் மேடைமேல் வைக்கும் கண்ணாடி அடுப்போடு நிறுத்திக்கொண்டோம்.

இன்னொன்று சூடு. நம் ஊரில் விற்கும் பல ஃபிரிட்ஜ்களில், உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் குழாய் பக்கச் சுவருக்குள் ஓடுகிறது. மே மாதம் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள், நன்றாகவே சுடும். இப்படிப்பட்ட ஃபிரிட்ஜை வாங்கி, பார்வைக்காக நெருக்கமாகப் பலகை அடித்தால் சூடு வெளியேறாது, கம்ப்ரெசர் ஓய்வில்லாமல் ஓடும், கரண்ட் பில்லும் ஏறும். பில்ட்-இன் மாடல்களில் இதற்காகக் கீழேயும் மேலேயும் காற்றுவழி வைத்தே வடிவமைக்கிறார்கள். சாதாரண ஃபிரிட்ஜைக் கூட்டுக்குள் திணிப்பதையும் அதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. அப்புறம், எளிதில் நகர்த்த முடியாத எதன் பின்னாலும் கரப்பான் குடியேறிவிடும். இழுத்துப் பெருக்க முடிகிற ஃபிரிட்ஜ் எனக்கு ஒரு நிம்மதி.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது: மறைக்காமல், கேபினெட் நிறத்திலேயே சாதனங்களை வாங்குவது. அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியிலும் 70களிலும் அவகாடோ பச்சையிலும் கோதுமைப் பொன்னிறத்திலும் ஃபிரிட்ஜும் அடுப்பும் பெருவாரியாக விற்றன. அந்த நிறங்களின் காலம் முடிந்ததும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாதனங்களே வீட்டைப் பழையதாகக் காட்டத் தொடங்கின. இங்கேயும் பூப்போட்ட சிவப்பு, நீல ஃபிரிட்ஜ் வாங்குகிறோம். அது தனியாக நின்றால் அழகு. அதற்கு ஏற்றாற்போல் ஷட்டர் செய்தால், அடுத்த ஃபிரிட்ஜ் வாங்கும்போது அந்த நிறத்தைத் தேடி அலைய வேண்டும். வெள்ளை, கறுப்பு, ஸ்டீல் மூன்றும் எப்போதும் கிடைக்கும்.

மறைப்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஹாலும் சமையலறையும் சுவரில்லாமல் ஒன்றாக இருக்கும் வீட்டில், சோஃபாவில் உட்கார்ந்தால் நேர் எதிரே ஃபிரிட்ஜ் என்றால், ஷட்டர் போடத் தோன்றும். எங்களுடையது கதவு வைத்த தனி அறை, அந்தத் தேவை வரவில்லை. டிஷ்வாஷரையும் நான் விதிவிலக்காகவே சொல்வேன். பெரிய அளவு டிஷ்வாஷர்கள் ஏறக்குறைய எல்லாமே 60 செ.மீ. அகலம். அதனால் மாற்றும்போது இடம் பொருந்த வாய்ப்பு அதிகம். ஷட்டரையும் கழற்றிப் புதியதில் மாட்டிப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் டிஷ்வாஷர் இல்லை, ஆகவே நீராவி பட்டு அந்த ஷட்டரின் ஓரம் எத்தனை வருடம் தாங்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அக்ரிலிக், பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் ஷட்டர்களோடும் எனக்குப் பழக்கம் இல்லை. நான் சொன்னதெல்லாம் லேமினேட்டுக்கு.

நிறத்தைவிட அளவுகளில் ஒழுங்கு இருந்தால் தனித்தனி நிறங்களும் சேர்ந்தே தெரியும். மேடை ஆழம் வழக்கமாக 2 அடி, அதாவது 60 செ.மீ. ஃபிரிட்ஜோ கதவோடு சேர்த்து 70 செ.மீ. வரைக்கும்கூட வரும், முன்னால் துருத்தும். அதனால் அதன் பக்கத்துப் பலகையைக் கொஞ்சம் கூடுதல் ஆழமாகச் செய்யச் சொன்னோம். இப்போது துருத்தல் தெரியவில்லை. ஃபிரிட்ஜ் இடத்தை, வாங்கிய மாடலுக்கு இல்லாமல், அடுத்து வாங்கக்கூடிய பெரிய மாடலுக்குக் கணக்குப் பண்ணி 85 செ.மீ. விட்டோம். பக்கத்தில் மிஞ்சும் இடத்தில் முறமும் மடக்கு ஏணியும் நிற்கின்றன. பிளக் பாயின்ட் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இல்லாமல், பக்கத்து அலமாரிக்கு மேல், கைக்கு எட்டும் உயரத்தில். பச்சை லேமினேட்டில் ஒரு முழு ஷீட், 8-க்கு 4 அடி, கூடுதலாக வாங்கிப் பரணில் படுக்க வைத்திருக்கிறோம். நிற்க வைத்தால் வளைந்துவிடும் என்று ஆசாரி சொன்னார்.