போன் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது லாக் கேட்டால் சொல்லாதீர்கள்: என் 68,400 ரூபாய் போய்விட்டது

கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 68,400 ரூபாய். மகளுடைய ஸ்கூல் பீஸும் இந்த மாத வாடகையும் சேர்த்து வைத்திருந்த பணம். எந்த லிங்க்கையும் தொடவில்லை. எவனுக்கும் ஓடிபி சொல்லவில்லை. உடைந்த டிஸ்ப்ளேயை மாற்றப் போனைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

புகார் நடப்பதால் கடைப் பெயரைப் போட வேண்டாம் என்கிறார் தெரிந்த வக்கீல். சென்னை வடபழனி பக்கம், எல்லா கம்பெனி போனும் பார்க்கிற மொபைல் சர்வீஸ் கடை. ஏசி, கண்ணாடிக் கதவு, டோக்கன், யூனிபார்ம் போட்ட பையன்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து நம் கண்ணெதிரேயே கழற்றி மாட்டித் தருகிற கடைகள் உண்டு. இங்கே வேலையெல்லாம் உள் ரூமில். அங்கே நம்மை விடமாட்டார்கள்.

கவுண்டரில் இருந்த பெண் ஜாப் ஷீட்டை நீட்டினார். பெயர், நம்பர், மாடல், என்ன கம்ப்ளெயின்ட். கீழே ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒன்பது புள்ளி அச்சடித்திருந்தது. "பேட்டர்ன் போடுங்க சார்." எதுக்கும்மா என்றேன். "டச் செக் பண்ணணும் சார். எல்லாரும் போடுறதுதான். இல்லன்னா டெஸ்ட் பண்ணாமத்தான் குடுப்போம், அப்புறம் கம்ப்ளெயின்ட்னு வரக் கூடாது." சிம்மைக் கழற்றப் போனால், "இருக்கட்டும் சார், கால் போகுதான்னு பாக்கணும்" என்றார். உள்ளேயிருந்து முதலாளியே வந்து, "பல வருஷமா இதே இடத்துல இருக்கோம் சார், நம்பிக் குடுங்க" என்று சிரித்தார். அந்த ஒரு வார்த்தைதான்.

பேட்டர்ன் போட்ட ஷீட்டை என் போனோடு ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றி நீல டிரேயில் வைத்தார் அந்தப் பெண். டிரேயில் இன்னும் சில போன்கள், எல்லாவற்றிலும் அதே மாதிரி ஷீட், பேனாவால் இழுத்த கோடுகள் வெளியே தெரிய. அந்தக் கடையில் நடமாடுகிற யாரும் எந்தப் போனையும் திறக்கலாம்.

சாயங்காலம் வாங்க என்றவர்கள், சாயங்காலம் போனால் "டிஸ்ப்ளே இன்னும் வரல சார், நாளைக்கு" என்றார்கள். சனிக்கிழமை ராத்திரி முழுக்கப் போன் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை பளபளவென்று புது டிஸ்ப்ளேயோடு கொடுத்தார்கள். திங்கள் காலை மளிகைக் கடையில் ஸ்கேன் பண்ணினால் 'யூபிஐ பின் தவறு' என்று வருகிறது. மறுபடி போட்டாலும் அதேதான். வருஷக்கணக்காகப் போடுகிற பின்! பக்கத்து ஏடிஎம்மில் பேலன்ஸ் பார்த்தேன். 312 ரூபாய் இருந்தது.

நடந்தது என்ன என்று இப்போது புரிகிறது, நீங்களும் புரிந்துகொள்ளுங்கள். பல பேமென்ட் ஆப்களைத் திறக்கப் போனுடைய லாக்கே போதும். பணம் அனுப்ப யூபிஐ பின் வேண்டும், ஆனால் அந்தப் பின்னை மாற்றப் பழைய பின் தேவையில்லை, 'மறந்துவிட்டேன்' என்று போட்டால் போதும். டெபிட் கார்டின் கடைசி 6 எண்ணும் காலாவதி தேதியும், இல்லாவிட்டால் ஆதாரின் முதல் 6 எண், கூட ஓடிபி. ஓடிபி எங்கே வரும்? கடையில் போனைத் திறந்தவன் கையில் இருக்கிற என் சிம்முக்கே. ஆதார்? கேலரியில் இருக்கிறது. லாட்ஜில் கேட்டான், ஹவுஸ் ஓனர் கேட்டார், பிஎஃப்புக்குக் கேட்டார்கள், எல்லோருக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பின போட்டோ. யாருடைய போனில்தான் இல்லை? வேலையை முடித்துவிட்டு வங்கி எஸ்எம்எஸ் அத்தனையையும் அழித்திருக்கிறான்.

கடைக்குப் போனேன். அன்றைக்குச் சிரித்த அதே முதலாளி, "நம்ம பசங்க அப்படிப்பட்டவங்க இல்ல சார், நீங்க ஏதாவது லிங்க்க கிளிக் பண்ணியிருப்பீங்க" என்கிறார். சிசிடிவி கேட்டால் "ஹார்ட் டிஸ்க் ஃபுல்லு, ரெக்கார்ட் ஆகல." பில்லின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்: 'டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல'. என் 68,400 ரூபாய் டேட்டாவா?

வங்கியில் இன்னும் மோசம். "உங்க போன், உங்க சிம், உங்க பின். சிஸ்டத்துல எல்லாம் கரெக்டா இருக்கு சார், நீங்கதான் அனுப்பியிருக்கீங்க." ஸ்டேட்மென்டில் மூன்று தடவையாக 68,400 போயிருக்கிறது, எல்லாம் சனி இரவு 7 மணியிலிருந்து 8 மணிக்குள். போனைக் கடை வாங்கின நேரமும் திருப்பிக் கொடுத்த நேரமும் பில்லில் பிரிண்ட் ஆகியிருக்கிறது. ஆதார் தளத்தில் நம் ஆதார் எப்போதெல்லாம் பயன்பட்டது என்று பார்க்கிற வசதி இருக்கிறது. அதில் அதே இரவு 6:52க்கு ஓடிபி சரிபார்ப்பு ஒன்று நடந்திருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மேனேஜர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கஸ்டமர் கேருக்குப் பண்ணுங்க என்றார். கஸ்டமர் கேரில் பிராஞ்சுக்குப் போங்க என்றார்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விட்ட சுற்றறிக்கையில் தெளிவாக இருக்கிறது: தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் பொறுப்பு. வங்கிமீதும் நம்மீதும் தவறில்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நஷ்டம் நம் தலையில் விழக் கூடாது. நான் திங்கட்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டேன். போன் லாக்கைச் சொன்னதே அஜாக்கிரதை என்று மழுப்பப் பார்க்கிறார்கள். போன் லாக்கும் பேங்க் பாஸ்வேர்டும் ஒன்றா? முத்திரை வாங்கிய காப்பி கையில் இருக்கிறது. 30 நாளில் ஒழுங்கான பதில் வராவிட்டால் வங்கிப் புகார்களை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மனிடம் போவேன், விடமாட்டேன்.

சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்குச் சொல்லி ஆன்லைன் புகார் எண் வாங்கியாயிற்று, போலீஸ் ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் (புகார் ரசீது) போட்டாயிற்று. பணம் போன கணக்கு வெளிமாநிலமாம், அங்கிருந்தும் உடனே கைமாறிவிட்டதாம்.

என்ன செய்யணும் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், இப்போது மறுபடி ஸ்டேஷனுக்குக் கிளம்பணும். அவசரமாகச் சிலது மட்டும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டுத்தான் கொடுங்கள், கால் டெஸ்ட்டுக்கு அவன் சிம்மைப் போட்டுக்கொள்ளட்டும். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் என்று இருக்கிறது, போட்டுவிட்டால் உங்கள் போட்டோ, மெசேஜ், ஆப் எதுவும் அவன் கண்ணில் படாது. மற்ற போன் என்றால் பேக்கப் எடுத்து ரீசெட் பண்ணிக் கொடுங்கள். டச் செக் பண்ண வேண்டுமா, நீங்களே நின்று திறந்து காட்டுங்கள். ஆதார், கார்டு போட்டோவை இப்போதே கேலரியிலிருந்தும் வாட்ஸ்ஆப்பிலிருந்தும் அழியுங்கள், குப்பைத் தொட்டியையும் காலி பண்ணுங்கள். ஆபீஸ் போனாக இருந்தால் கஸ்டமர் பேப்பரெல்லாம் அதில் இருக்கும், முதலாளிக்குத் தெரியாமல் வெளியே கொடுக்காதீர்கள். பணம் போனது தெரிந்தால் கடைக்காரனிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் 1930க்குப் போடுங்கள்.

வடபழனி, சாலிகிராமம் பக்கம் இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.