நல்ல தண்ணிக் கிணறா, கந்தளாய்ப் பைப்பா?

எங்கட பக்கத்துப் பழைய வளவுகளில் இரண்டு கிணறு இருந்தால் ஒன்றுக்கு "நல்ல தண்ணிக் கிணறு" என்று பேர். மற்றதுக்குப் பேரே இல்லை. குளிக்க, கழுவ, கத்தரிக்கு இறைக்க. ஒரே கிணறுதான், அதுவும் உவர் என்றால், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வளவுக்கு நடை.

"அதான் கந்தளாய்க் குளத்துத் தண்ணி பைப்பில வந்திட்டே அக்கா, கிணத்தை மூடிட்டு அதில ஒரு அறையைப் போடுவமே" என்றான் தம்பி. அவனுக்குப் பதில் சொல்லப்போய்த்தான் இந்தக் கணக்கு.

குடிக்க எது? இதில் கிணறு தோற்றுவிட்டது, ஒளிக்க ஒன்றுமில்லை. நாங்கள் இருப்பது திருகோணமலைக் கரையில் உப்புவெளி, பேரிலேயே உப்பு. (உவர்மலையை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது ஓர்ஸ் ஹில் என்ற ஆங்கிலப் பேர் தமிழ் வாயில் புரண்டு வந்தது என்பார்கள்.) மார்கழியில் எங்கள் கிணற்றுத் தண்ணியை அப்படியே குடிக்கலாம். ஆவணியில் அதே தண்ணியில் பருப்பு அவியாது, சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கரண்டியால் சுரண்டினாலும் போகாது. பைப் தண்ணியில் குளோரின் மணம்தான் குறை. இரவே குடத்தில் பிடித்து வைத்தால் விடியப் போய்விடும்.

உப்பைவிடப் பயம் மலசலகூடக் குழி. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடியாவது இடைவெளி வேணும் என்பார்கள். பத்துப் பேர்ச் (சுமார் 2,700 சதுர அடி) காணியின் ஒரு பக்கமே ஏறக்குறைய 50 அடிதான். நம் குழியைத் தள்ளி வெட்டினால், மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரருடைய குழி!

கடையில் வாங்கும் பெரிய போத்தல் தண்ணி மூன்றாவது வழி. பைப் வராத ஊர்களுக்குச் சரி. பைப் இருக்கிற வீட்டில் அது வீண் செலவு என்பது என் எண்ணம்.

சரி, பைப்தான் வென்றது என்று கிணற்றை மூடலாமா? இங்கேதான் தம்பியோடு எனக்கு ஒத்துவரவில்லை.

கிணறு தன் தண்ணி இருப்பைக் காட்டும், பைப் காட்டாது. அம்மம்மா வாளிக் கயிற்றில் ஒரு சிவப்புச் சீலைத் துண்டு கட்டி வைத்திருந்தா. அந்தத் துண்டு கிணற்றுக் கட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால், அன்றிலிருந்து பூமரங்களுக்குத் தண்ணி இல்லை. பாத்திரம் கழுவினது மட்டும் வாழையடிக்கு. மழை ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றர் அளவில் பெய்தாலும் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடும். கச்சான் காற்று வீசுகிற வறண்ட மாதங்களை அந்தச் சீலைத் துண்டுதான் ஓட்டியது.

கரையோர மணலில் இப்படி அளந்து இறைக்க வேறொரு காரணமும் உண்டு. மழைத் தண்ணி, கனமான கடல் தண்ணிக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணி நின்றால் கீழே சுமார் 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடியை உறிஞ்சினால் உப்பு எவ்வளவு ஏறும் என்று பாருங்கள். வாளிக்குக் கை ஓயும், மோட்டருக்கு ஓயாது. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பல இடங்களில் கீழே இருந்த உப்பும் சேர்ந்து மேலே வந்தது. ஆற்றியது அடுத்தடுத்த மாரிதான்.

பைப்புக்குப் பின்னால் இருப்பது 40 கிலோமீற்றர் தள்ளிக் கந்தளாய்க் குளம். குளக்கோட்டன் கட்டியது என்பது நம் ஐதிகம், இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பது வரலாற்றுப் பக்கம். யார் கட்டினாலும் கட்டியது வயலுக்கு. வயல் தண்ணியைப் பங்கிடுகிற வட்டவிதானை பார்த்து முறை வைத்துத் திறந்த வாய்க்கால் தண்ணியில் நகரம் பிறகு வந்து பங்கு கேட்டது. 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் அந்த அணைக்கட்டே உடைந்து ஊர்களை அள்ளிக்கொண்டு போனது. உப்புவெளியில் பைப்பைத் திறக்கிறவருக்கு அந்தக் குளத்தில் இன்று எத்தனை அடி தண்ணி நிற்கிறது என்று எங்கே தெரியும்?

குளிப்பில் கிணறுதான் என் கட்சி. கன்னியாவுக்குப் போனால் ஏழு வெந்நீர்க் கிணறு, செத்தவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய வந்தவரானாலும் சுற்றுலா வந்தவரானாலும் வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். பத்து வாளியில் குளிப்பு முடியும். ஷவருக்குக் கீழே நின்றால் எத்தனை வாளி போனது என்று யார் எண்ணுவது?

தம்பிக்குச் சொல்லிவிட்டேன்: "அறையை மேல் மாடியில போடு. புரட்டாதியில கிணறு இறைச்சுச் சேறு எடுக்க ஆள் சொல்லியாச்சு. கூலியில பாதி உன்ர."