மலையில் காப்பியா, சபாவில் செம்பனையா?

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில், மலைமேல் இருக்கிறது வே ரெபோ என்ற சிற்றூர். கூம்புக் கூரை வீடுகள் 7. வண்டி போகாது, காட்டுப்பாதையில் ஏறித்தான் போகவேண்டும். பிழைக்க ஒரு வழி, ஊரோடு இருப்பது. இருந்தால் காப்பித் தோட்டம் சொந்தம். கொட்டையைப் பாயில் காயவைத்து, மூட்டையைச் சுமந்தே கீழே இறக்கவேண்டும். 2012இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. பயணிகள் வருகையால் கையில் கொஞ்சம் காசு புழங்குகிறது. பள்ளிக்கூடம் மட்டும் கீழே, கொம்போவில்.

இன்னொரு வழி, புளோரஸ் இளைஞர்கள் பலர் போகும் மலேசியாவின் சபா. செம்பனை (பாமாயில் எடுக்கும் பனை) தோட்டத்தில் மாதச் சம்பளம், ஊரில் சிமெண்ட் வீடு. சரி, ஆவணம் இல்லாமல் போய்ப் பிடிபட்டால்? தடுப்பு முகாம், அப்புறம் நாடுகடத்தல்.

வே ரெபோக்காரர் என்றால் காப்பியை விடாதீர்கள் என்பேன். பயணிகளே எட்டிப்பார்க்காத மலையூர்க்காரர் கப்பலேறினால் குறைசொல்ல எனக்கு வாய் வராது.