கொங்கோ, அதாகோ, மாயா: எந்த மாடலைக் கட்டுவது?

1/700 அளவில் ஜப்பானின் ஏஜிஸ் (ரேடாரையும் ஏவுகணைகளையும் கணினியால் இணைக்கும் அமெரிக்கப் போர் அமைப்பு) பொருத்திய நாசகாரிப் போர்க்கப்பல் ஒன்றைக் கட்டலாம் என்று தேடினால் மூன்று வகுப்புகள் எதிரே நிற்கும். 1993 முதல் 1998 வரை படையில் சேர்ந்த நான்கு கொங்கோ வகுப்புக் கப்பல்கள், 2007-08-ல் வந்த அதாகோவும் ஆஷிகாராவும், 2020-21-ல் வந்த மாயாவும் ஹகுரோவும். நான் எடுத்தது அதாகோ.

நீளம் முறையே 161, 165, 170 மீட்டர். அலமாரியில் வைத்தால் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். மூன்றிலும் அதே எண்கோண ரேடார் முகங்கள், முன்னால் 127 மி.மீ. பீரங்கி, 30 நாட் வேகம்.

மாயாவைச் சீக்கிரமே தள்ளிவிட்டேன். மெதுவாகப் போகும்போது எரிபொருளை மிச்சம்பிடிக்கும் மின்மோட்டார்கள், வேறொரு கப்பலோ விமானமோ பார்த்த இலக்கை நோக்கிச் சுடும் வசதி என்று அதன் பெருமை எல்லாமே உள்ளுக்குள் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் அதில் எதுவும் தெரியாது. வெளித்தோற்றத்தில் அது கொஞ்சம் நீண்ட அதாகோ, அவ்வளவுதான்.

கொங்கோதான் உண்மையான போட்டி. அமெரிக்காவுக்கு வெளியே ஏஜிஸ் பொருத்திய முதல் கப்பல் அது. 2007 டிசம்பரில் ஹவாய் அருகே எஸ்எம்-3 என்ற இடைமறிப்பு ஏவுகணையை ஏவி, சோதனை ஏவுகணை ஒன்றை விண்வெளியிலேயே அடித்ததும் அதே கப்பல். வரலாறுதான் வேண்டும் என்பவர் யோசிக்காமல் அதையே வாங்கலாம்.

என்னைத் திருப்பியது பின்பக்கம். கொங்கோவில் ஹெலிகாப்டர் இறங்கத் தளம் உண்டு, அதை உள்ளே நிறுத்திவைக்கும் கொட்டகையான ஹேங்கர் கிடையாது. வந்து இறங்கலாம், எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாம். உப்புக்காற்றில் நிறுத்திவைத்துப் பராமரிக்க முடியாது. அது வடிவமைப்பாளர்களின் மறதி இல்லை. மாதிரியாக எடுத்துக்கொண்ட அமெரிக்காவின் ஆரம்பகால ஆர்லி பர்க் வகுப்பு நாசகாரிகளிலும் ஹேங்கர் இல்லை. ஜப்பானியக் கப்பற்கூட்டத்தில் ஹெலிகாப்டர் சுமக்க வேறு நாசகாரிகளும் இருந்தன. அமெரிக்கர்கள் பிறகு ஹேங்கர் சேர்த்தார்கள், அதாகோவும் அந்த வழியில் போனது.

இந்த ஒரு மாற்றம் கப்பலின் உருவத்தையே புரட்டிவிட்டது. கொங்கோவின் 90 ஏவுகணைக் குழல்களில் முன்னால் 29, பின்னால் 61. அதாகோவின் 96-ல் முன்னால் 64, பின்னால் 32. மேலே இருந்து பார்த்தால் பீரங்கிக்கும் கப்பலை ஓட்டும் அறைக்கும் நடுவே அந்தக் குழல்களின் சின்னச் சின்ன மூடிகள் கட்டம் கட்டமாக நிறைந்திருக்கும். பெயிண்ட் அடித்த பிறகு நீர்த்த கறுப்பை ஓடவிட்டால் ஒவ்வொரு மூடியும் தனியாக எழுந்து வரும். மாடல் கட்டுகிறவனுக்கு அங்கேதான் சுகம். ஆனால் ஒன்று, அதாகோவுக்கென்று நிரந்தரமாக ஹெலிகாப்டர் எதுவும் ஒதுக்கப்படவில்லை. தளத்தில் ஒரு எஸ்எச்-60 ஹெலிகாப்டரை ஒட்டியது என் ஆசைக்காக.

அப்புறம் மாஸ்ட், அதாவது கப்பலின் உச்சியில் நிற்கும் கம்பம். கொங்கோவுடையது கம்பிச்சட்டம், அதாகோவுடையது ரேடாரில் எளிதில் சிக்காதபடி பக்கங்களை மூடிச் சாய்த்தது. தூசி துடைப்பவர் பக்கம் நின்று சொன்னால் அதாகோவுக்கே ஓட்டு. ஒட்டுவதில் எது அதிகம் படுத்தும் என்று கேட்டால், கொங்கோவை நான் கட்டியதில்லை, கட்டியவரைக் கேளுங்கள்.